கொல்லைக்கு வரும் இரவு விருந்தாளி

பினாங்கு செபராங் பிறையின் சிம்பாங் அம்பாட்டில் புதுக் குடியிருப்புகளுக்கும் செம்பனைக்கும் நடுவே, இன்னும் சில பழைய வீடுகள் கொல்லையோடு இருக்கின்றன. வாசலில் துளசி, கிணற்றடியில் கறிவேப்பிலை, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற பக்கம் வாழை, வேலியோரம் மங்குஸ்தீன், பின்கோடியில் ஒரு டுரியான். செபராங் பிறைக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் நம் முன்னோர். பின்னர் ரப்பருக்கு உழைத்தார்கள், செம்பனைக்கு உழைத்தார்கள். தோட்டத்து மரமெல்லாம் துரைக்குச் சொந்தம். லயத்துக்குப் பின்னால் கொத்திப் போட்ட துண்டு நிலத்தில்தான் தங்கள் வீட்டுக்கென்று கீரையும் மிளகாயும் வைத்தார்கள். இங்கே கொல்லை என்றால் ஒரு தனி வாஞ்சை இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரம் மழை விட்டு வெயில் காய்ந்தால், டுரியான் மரம் மொட்டு விடும். இலைநுனியில் இல்லை, தடித்த கிளைகளின் அடிப்பக்கத்தில், கொத்துக் கொத்தாகத் தொங்கும். நாளைக்குப் பெரும் பாரம் சுமக்கப்போகிற இடம் எது என்று அந்த மரத்துக்குத் தெரிந்திருக்கிறது! மாலையில், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து குளித்து, சாமி விளக்கு ஏற்றுகிற நேரத்தில் பூ விரியும். வெளிர்ந்த ஐந்து இதழ், உள்ளே கற்றையாக மகரந்தத் தாள்கள், அடியில் தேன். புளித்த பால் போன்ற ஒரு வாடை கொல்லையெங்கும் பரவும். வண்டுக்கும் தேனீக்கும் கடை திறக்கிற வேளை அல்ல அது. அந்த அழைப்பு இன்னொருவருக்கு.

தேனுண்ணும் குகை வௌவால்தான் அந்த விருந்தாளி. பகலெல்லாம் குகை இருட்டில் கூட்டமாகத் தொங்கிவிட்டு, இரவில் பல கிலோமீட்டர் பறந்து வருகிறது. நீண்ட நாக்கின் நுனியில் மெல்லிய முட்கள். பூவில் தலையை நுழைத்து நக்கும் சில நொடிக்குள் முகமும் மார்பும் மகரந்தத்தால் மூடிவிடும். பெரும்பாலான டுரியான் மரங்கள் தம் மகரந்தத்தைத் தாமே நன்கு ஏற்பதில்லை. வேறு மரத்துடையது வேண்டும். ஆகவே நம் வீட்டு மரம் காய்க்க, அடுத்த கம்பத்தில் மலாய்க்காரர் வீட்டில் நிற்கும் மரமும் பூத்திருக்க வேண்டும், நடுவே இந்தச் சிறகுக்காரர் போய்வர வேண்டும். வேலி நாம் போட்டது. படைத்தவன் போடவில்லை.

விடிகாலையில் பார்த்தால் மரத்தடி முழுக்க இதழும் தாளும் உதிர்ந்து கிடக்கும். வாசல் பெருக்கி முடித்துப் பாட்டி பின்பக்கம் வருவார். “பூவெல்லாம் கொட்டிப்போச்சே பாட்டி, பழம் வராதா?” என்று பேரன் கேட்பான். “கொட்டுனாத்தான்டா பழம். வேலை முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்,” என்பார். கிளையில் மெல்லிய சூலகம் மட்டும் நிற்கும். நூறு பூவில் சிலவே பிடிக்கும். பிடித்தவை மூன்று நான்கு மாதத்தில் முள்ளுடை தரித்துக் கனிந்து, ஜூன் ஜூலையில் தாமே விழும்.

டுரியான் பூக்காத மாதங்களில் அந்த வௌவாலுக்கு யார் சோறு போடுவது? இதை நினைக்கும்போதுதான் கைகூப்பத் தோன்றுகிறது. ஆண்டு முழுதும் பூக்கும் வாழை அதற்குத் தேன் வைத்திருக்கிறது. சாயங்காலம் வாழைப்பூவின் ஒரு மடல் மேலே சுருண்டு விலகும். உள்ளே வரிசையாக இருக்கும் பூக்களில் கெட்டியான தேன் ஊறும். மறுநாள் காலை மிச்சத்தைப் பிள்ளைகள் உறிஞ்சிக் குடிப்பார்கள். நம் வாழைக்குக் காய்க்க மகரந்தமே தேவையில்லை, ஆனாலும் தேனை நிறுத்தவில்லை. பத்து காவான் பக்கத்துக் கடலோரத்தில் எஞ்சியுள்ள அலையாத்திக் காட்டிலும் இரவில் மலரும் மரங்கள் உண்டு. அவையும் வௌவாலுக்கு உணவு.

வேலியோர மங்குஸ்தீன் டுரியானுக்கு நேர் எதிர். அதன் கொட்டை மகரந்தம் இல்லாமல் தாயின் திசுவிலிருந்தே உருவாகிறது; நட்டால் தாயைப் போலவே வளரும். பழத்தின் அடியில் உள்ள பூ வடிவ இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று உடைக்காமலே சொல்லிவிடலாம். யாரையும் எதிர்பாராத மரம் ஒன்று, ஊரையே எதிர்பார்க்கும் மரம் ஒன்று, இரண்டும் ஒரே கொல்லையில், ஒரே மண்ணில். இறைவன் ஒரு வழியோடு நிறைவு கொள்பவன் அல்லன்.

2014 மார்ச்சில் பினாங்கின் இரண்டாவது பாலம் பத்து காவானில் வந்து இறங்கியபின் இப்பக்கம் நிலம் விலையேறிவிட்டது. வீடு வேண்டும், வேலை வேண்டும், மறுக்கவில்லை. கொல்லை வைத்திருப்பவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். டுரியான் பூக்கும் நாட்களில் வௌவாலை விரட்ட வலை கட்டாதீர்கள், பூவுக்கு மருந்து அடிக்காதீர்கள். சாக்கடையோரம் இரண்டு வாழைக்கு இடம் விடுங்கள். கடலோர அலையாத்தியை அழிக்கிற பேச்சு வந்தால், உங்கள் வீட்டு டுரியானுக்காகவாவது எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்லுங்கள்.