மிங்: ஞாயிறும் திங்களும் சேர்ந்த ஒரு எழுத்து

இலங்கையின் காலி நகரத்தில் 1911-ல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல். அதிலுள்ள தேதி 1409-ஐச் சேர்ந்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கிறது. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டின் முடிவிலும் சீன எழுத்துகள் உண்டு. சோழர் தூதர்கள் 1015-ல் போய்ச் சேர்ந்ததையும் சீன வரலாற்று நூல்தான் குறித்து வைத்திருக்கிறது. நம்ம கதையில் பாதி அந்த எழுத்தில் கிடக்கு. நாம அதை ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாத்தான் படிக்கிறோம்.

மொத்தமும் கற்க வருஷங்கள் ஆகும். ஒரே ஒரு எழுத்தை முழுசாக் கற்றுப் பார்க்கலாம். காலிக் கல்வெட்டின் சீனப் பகுதி 'தா மிங்' என்று தொடங்குகிறது. 'பெரிய மிங்', அதாவது மிங் அரச மரபு. இதில் இரண்டாவது எழுத்து, மிங், நமக்குப் போதும்.

எழுதும் முறை

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மிங் எழுத்துக்கு இரண்டு உறுப்புகள்: இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் நிலா. மொத்தம் எட்டு கோடுகள்.

சூரியன் (4 கோடுகள்):
1. இடப்பக்கம் நேராகக் கீழே ஒரு கோடு.
2. மேலே வலப்பக்கமாகப் போய், கையை எடுக்காமல் திரும்பிக் கீழே.
3. நடுவில் ஒரு படுக்கைக் கோடு.
4. அடியில் ஒரு கோடு.

நிலா (4 கோடுகள்):
1. மேலிருந்து கீழே வந்து, இடப்பக்கம் லேசாகச் சாயும் கோடு.
2. மேலே வலப்பக்கம் போய், திரும்பிக் கீழே வந்து, கடைசியில் உள்பக்கமாக ஒரு சின்னக் கொக்கி.
3, 4. உள்ளே இரண்டு படுக்கைக் கோடுகள். அடியில் திறந்தே இருக்கும்.

சூரியன் குட்டை, நிலா உயரம். இரண்டும் சேர்ந்து ஒரே கட்டத்துக்குள் அடங்கணும்.

வரிசை மாறினா என்ன என்று கேட்கலாம். சூரியனில் அடிக்கோடு ஏன் கடைசி? சாமானை உள்ளே வைத்த பிறகுதான் கதவைச் சாத்துவோம், அதே விதி. வேகமாக எழுதும்போது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வரிசை சரியா இருந்தால்தான் அந்தக் கிறுக்கலையும் அடுத்தவர் படிக்க முடியும்.

பொருள்

சூரியனும் நிலாவும் சேர்ந்தால் வெளிச்சம். சொல்ல அழகான விளக்கம்; ஆனால் பழைய வடிவங்கள் சிலவற்றில் சூரியனுக்குப் பதில் ஜன்னல் இருக்கிறது. ஜன்னல் வழியே நிலா என்றாலும் வெளிச்சம்தான்.

தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 'திங்கள்' என்றால் நமக்கு நிலா, மாதம் இரண்டும். சீனத்தில் நிலா எழுத்துக்கும் அதே இரண்டு பொருள். சூரியன் எழுத்துக்கு நாள் என்ற பொருளும் உண்டு.

உச்சரிப்பு

கடைசியில் 'ங்' மட்டும். 'மிங்கு' இல்லை. குரல் கீழிருந்து மேலே ஏறணும், நாம 'அப்படியா?' என்று கேட்கிற மாதிரி. குரலை மேலிருந்து இறக்கிச் சொன்னால் உயிர், விதி என்ற பொருள் தரும் வேறு எழுத்தாகிவிடும்.

பயன்பாடு

- மிங்தியென்: நாளை. விடிந்தால் வரும் நாள்.
- மிங்பை: புரிந்தது. 'பை' என்றால் வெள்ளை.
- த்ஸோங்மிங்: புத்திசாலி. 'த்ஸோங்' கூர்மையான செவி, 'மிங்' தெளிந்த கண்.
- ஷுவோமிங்: விளக்கம். 'ஷுவோ' என்றால் சொல்லுதல்.

கடைசிச் சொல்லைக் கவனிங்க. நமக்கும் விளக்கு, விளங்குதல், விளக்கம் எல்லாம் ஒரே குடும்பம். வெளிச்சத்தையும் புரிதலையும் இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வைத்திருக்கின்றன.

கணினியில் 'மிங்' என்று ஒலியைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். 'பெயர்' என்ற பொருளுள்ள எழுத்துக்கும் இதே உச்சரிப்புதான். நாம பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். அடையாளம் தெரிந்தால் போதும் என்பதால் கை மறந்துபோகிறது. பேனாவை எடுத்ததும் எழுத்து மறப்பதைக் குறிக்க சீனர்களே ஒரு தொடர் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் நோட்டு வேணும்கிறேன்.

சீன அரசு 2013-ல் வெளியிட்ட பட்டியலில் 8,105 எழுத்துகள். முதல் நிலையில் மட்டும் 3,500. பயப்பட வேண்டாம். சூரியனும் நிலாவும் வேறு பல எழுத்துகளில் உறுப்பாகத் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் கற்றது ஒன்றில்லை, மூன்று.

சரிபார்க்க வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. சீனாவிலிருந்து வந்த சார்ஜர் பெட்டியில் மடித்து வைத்த தாளை எடுங்கள். தலைப்பில் பெரும்பாலும் 'ஷுவோமிங்ஷு', விளக்கப் புத்தகம், என்று மூன்று எழுத்து இருக்கும். நடுவில் இருப்பது நம்ம மிங். காலிக் கல்லில் இருப்பதும் அதுவே.