வேலிகாத்தான் கூட்டத்தில் ஒரு விடத்தேர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உட்சாலைகளிலோ, தேர்வாய் கண்டிகைக்குப் போகும் வழியிலோ வண்டியை ஓரங்கட்டி நின்றால் கண்ணில் படுவது பெரும்பாலும் முள்தான். கம்பெனி மதிலோரம், ஏரிக்கரை, லாரி நிறுத்துமிடம் என எங்கும் வேலிகாத்தான். தெற்கே போனால் சீமைக் கருவேலம் என்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே அதே உயரத்தில், அதே போலச் சிற்றிலையும் முள்ளுமாக, நம் மண்ணுக்கே உரிய இன்னொரு புதர் நிற்கக்கூடும். விடத்தேர் என்பது அதன் பெயர். விடத்தலை என்றும் சொல்வார்கள். இரண்டு செடிகளுமே பயறு, புளி, கருவேலம் சேர்ந்த பெருங்குடும்பத்துப் பிள்ளைகள். பொக்லைன் ஓட்டுபவருக்கு இரண்டும் வெறும் முள்ளு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிலத்தைச் சுத்தம் செய்ய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவருக்கே வித்தியாசம் தெரியாது.

பூத்திருக்கும் நேரமென்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. விடத்தேரின் பூங்கொத்து சடைக்குஞ்சம் போலக் கீழ்நோக்கித் தொங்கும், அதுவும் இரண்டு நிறத்தில். காம்பை ஒட்டிய மேல்பாதி இளஞ்சிவப்பு அல்லது வெளிர் ஊதா. நுனிப்பாதி நல்ல மஞ்சள். மேல்பாதியில் நீண்ட இழைகளாகத் தெரிபவை மலட்டுப் பூக்கள். பூச்சிகளைக் கவர்ந்திழுப்பதே அவற்றின் வேலை என்கிறார்கள் தாவரவியலாளர்கள். நாளாக ஆக அந்த இளஞ்சிவப்பு வெளுத்து வெள்ளையாகிவிடும். காய் பிடிப்பதெல்லாம் மஞ்சள் பாதியில்தான். வேலிகாத்தானின் கொத்தும் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் அடிமுதல் நுனிவரை ஒரே பசுமஞ்சள்.

பூ எப்போதும் கிடைக்காதே என்பீர்கள். இலை போதும். ஓர் இலையை அடிக்காம்போடு கிள்ளி உள்ளங்கையில் விரித்து வைத்துப் பாருங்கள். வேலிகாத்தானில் நடுக்காம்பிலிருந்து பிரியும் கிளைக்காம்புகள் ஒரு ஜோடி அல்லது இரண்டு; மிஞ்சிப்போனால் மூன்று. விடத்தேரில் ஐந்து ஜோடிக்குக் குறைவாகப் பார்ப்பது அரிது, பத்தைத் தாண்டுவதும் உண்டு. சிற்றிலைகளும் மிகப் பொடி. பூதக்கண்ணாடி இருந்தால், கிளைக்காம்பு ஜோடிகளுக்கு இடையே குட்டிக் காம்போடு நிற்கும் சுரப்பிகளையும் பார்க்கலாம்.

இலை உதிர்ந்து கிடந்தால் முள்ளைப் பாருங்கள். வேலிகாத்தானுக்கு இலை முளைக்கும் கணுவில், பெரும்பாலும் இரண்டிரண்டாக முள் இருக்கும். விடத்தேரின் முள் உண்மையில் ஒரு குறுங்கிளை. வளர்ந்துகொண்டே போய் நுனியில் கூர்ந்து முடிந்துவிடுகிறது. கிளை என்பதால் அந்த முள்ளின் மேலேயே இலைக்கொத்து துளிர்க்கும், பூவும் வரும். களத்தில் எனக்கு இதுதான் மிக நம்பகமான அடையாளமாகப் படுகிறது. காயும் உதவும். வேலிகாத்தானுடையது நீண்டு, ஏறக்குறைய நேராக, பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும். விடத்தேரின் காய்கள் முறுக்கிச் சுருண்டு ஒரே கொத்தாகப் பின்னிக் கிடக்கும். கொடுக்காப்புளியும் சுருளும்தான், ஆனால் அது வெடித்து உள்ளிருக்கும் சதையைக் காட்டும். விடத்தேர் காய் வெடிக்காது. கருவேலத்துக்கும் வெள்வேலத்துக்கும் பூ உருண்டை என்பதால் அங்கே குழப்பம் வராது. வன்னியோடுதான் கவனம் வேண்டும், அதற்கும் இலையில் கிளைக்காம்பு குறைவு. வன்னியின் சிறுமுட்கள் கணுவில் இல்லாமல் தண்டெங்கும் சிதறியிருக்கும். கோயில் மரமென்று தெரியாமலேயே அதையும் வேலிகாத்தானோடு சேர்த்து வெட்டிவிட வாய்ப்பு உண்டு.

விடத்தேருக்கு இன்றைய அறிவியல் பெயரை 1834-இல் அச்சேற்றியவர்கள் ராபர்ட் வைட், வாக்கர்-ஆர்னாட் என்ற இரு தாவரவியலாளர்கள். வைட் மதராஸ் மாகாணத்தில் பணிபுரிந்த மருத்துவர். அப்போது வேலிகாத்தான் இங்கே கிடையாது. விறகுக்காக அதன் விதையை 1870-களின் பிற்பகுதியில் தருவித்தவர் மதராஸ் வனத்துறைத் தலைவராக இருந்த பெட்டோம். அமெரிக்கக் கண்டத்துச் செடி அப்படித்தான் இங்கு வந்து சேர்ந்தது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நம் விடத்தேர் ஆப்பிரிக்காவுக்கும் சொந்தம். அதே இனம் 19-ஆம் நூற்றாண்டில் கியூபாவுக்குப் போய், 'மராபு' என்ற பெயரில் பத்து லட்சம் ஹெக்டேருக்கும் மேல் விளைநிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கியிருக்கிறது. 2007 ஜூலை 26 புரட்சி நாள் விழா உரையில் கியூபத் தலைவர் ராவுல் காஸ்த்ரோ, சாலை நெடுக மராபு எவ்வளவு அழகாக இருக்கிறது என்று குத்தலாகக் குறிப்பிட்டார். 2017-இல், அமெரிக்காவின் வர்த்தகத் தடையால் ஏற்பட்ட அரை நூற்றாண்டு இடைவெளிக்குப் பிறகு கியூபாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சட்டப்படி ஏற்றுமதியான முதல் சரக்கு எது தெரியுமா? மராபு கரி! நாம் வேலிகாத்தானைத் திட்டுவதைப்போல அவர்கள் விடத்தேரைத் திட்டுகிறார்கள். செடியில் நல்லது கெட்டது இல்லை, நிற்கும் இடத்தைப் பொறுத்துத்தான் எல்லாம்.

இங்கே அது நிற்க வேண்டிய இடம் சுருங்கிவிட்டது. தேர்வாய் கண்டிகையில் தொழிற்பூங்காவுக்காக எடுக்கப்பட்டது சுமார் 456 ஹெக்டேர். அது எங்கள் ஆடுமாடு மேயும் காடு என்று ஊர்மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அரசுப் பதிவேட்டுக்கு இப்படிப்பட்ட புதர்க்காடு வெறும் புறம்போக்கு. ஆடு வளர்ப்பவருக்கோ விடத்தேரின் தழையும் காயும் தீவனம், கட்டை விறகு, வெட்டிய கிளை வேலி. கட்டை நல்ல உறுதி என்பதால் கைப்பிடிக்கும் ஆகும். வேர் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும்.

சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் உத்தரவுகள் போட்டது. 2022-இல் அயல் தாவரங்களுக்கென்றே மாநில அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே சூழல் மீட்டெடுப்பும் சேர்ந்திருக்கிறது. அகற்றும் பாதி வேகமாக நடக்கிறது. மீட்கும் பாதிக்கு, எது நம்முடையது என்று தெரிந்த ஆள் களத்தில் வேண்டும். ஆலை வளாகத்தின் ஒரு பங்கு பசுமைப் பகுதியாக இருக்க வேண்டும் என்பது சுற்றுச்சூழல் அனுமதியின் வழக்கமான நிபந்தனை. இருந்த புதரை வேரோடு பிடுங்கிவிட்டு நர்சரியில் வாங்கிய அலங்காரச் செடியை நட்டு அந்தக் கணக்கை நேர்செய்வது எனக்கு அபத்தமாகத்தான் தெரிகிறது.

கம்பெனியிலோ ஊராட்சியிலோ நிலம் சுத்தம் செய்யும் பொறுப்பு உங்களிடம் இருந்தால், இயந்திரம் வருவதற்கு முதல்நாள் ஒருமுறை நடந்து வாருங்கள். இலையைக் கிள்ளி ஜோடிகளை எண்ணுங்கள். ஐந்தோ அதற்கு மேலோ இருந்து, முள்ளில் இலையும் துளிர்த்திருந்தால், அந்தப் புதரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, அதைத் தொட வேண்டாமென்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.