கதைக்கும் வில்லங்கச் சான்று வேண்டும்

“உண்மை நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டது.” இவ்வொரு வரி தொலைக்காட்சியில் தோன்றியதும் நம் இல்லங்களில் பேச்சு அடங்கிவிடுகிறது. கற்பனைக் கதையாயின், “இப்படியும் நடக்குமா?” என்று கேட்டுச் சிரிக்கும் நாம், உண்மைக் கதை என்றதும் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறோம். அதிலும் இரு குடும்பங்களிடையே தலைமுறை தலைமுறையாய்த் தொடர்ந்த பகையைச் சொல்லும் தொடராக இருந்தால், யார் நல்லவர், யார் தீயவர் என்று முதல் வாரத்திலேயே தீர்ப்பும் எழுதி முடித்துவிடுகிறோம்.

அரை ஏக்கர் நிலம் வாங்குவதாயினும், பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்று, மூலப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, கடன் உண்டா, வழக்கு உண்டா என்று ஆராய்ந்த பின்னரே பணத்தை எண்ணி வைக்கிறோம். ஆனால் மறைந்துபோன மனிதர்களின் பெயரையும் மானத்தையும் பற்றிய ஒரு கதையை எந்தச் சான்றும் கேளாமல் வாங்கிக்கொள்கிறோம். அதை நம் பிள்ளைகளுக்கும் எழுதி வைத்துவிடுகிறோம். இது முறைதானா?

மலை சொல்லும் இரு கதைகள்

நமக்கு அருகிலுள்ள கல்வராயன் மலையையே எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியிலும், அண்டையிலுள்ள சேலம் மாவட்டத்திலும் பரந்து கிடக்கிறது இம்மலை. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என அதற்கு இரு பகுதிகள் உண்டு. இங்கு வாழும் பழங்குடி மக்களுக்கு ‘மலையாளி’ என்று பெயர். கேரளத்தாரைக் குறிக்கும் சொல்லன்று அது. மலையை ஆள்பவர் என்று பொருள்படும். அவர்கள் பேசுவதும் தமிழே.

தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் என்பது மலையாளி மக்களிடையே வழங்கும் மரபு. மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் பச்சைமலைக்கும், இளையவர் கொல்லிமலைக்கும் சென்று குடியேறினராம். 1883ஆம் ஆண்டின் சேலம் மாவட்டக் கையேட்டில் ஆங்கில அதிகாரி லெ ஃபானு இதைப் பதிவு செய்தார். இது அண்ணன் தம்பிகள் பிரிந்த கதையேயன்றிப் பகைத்த கதையன்று.

கல்வராயன் மலையைப் பற்றி வேறொரு கதையும் உண்டு. 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் என்னும் அதிகாரி அதை எழுதி வைத்தார். இம்மலையில் முன்பு வேடர்கள் வாழ்ந்தனர் என்றும், மலையாளிகள் வந்து ஆண்களைக் கொன்று பெண்களை மணந்துகொண்டனர் என்றும், அதன் நினைவாகவே திருமணத்தின்போது வானை நோக்கித் துப்பாக்கி வெடிக்கப்படுகிறது என்றும் அக்குறிப்புக் கூறுகிறது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தம் தொகுதிகளில் இதை எடுத்தாண்டார். இவ்வாறு, ஒருவர் கேட்டதை எழுத, மற்றவர் அதை எடுத்தெழுத, செவிவழிச் செய்தி நூற்செய்தி ஆயிற்று.

சற்றே சிந்திப்போம். திருமணத்தில் வெடிக்கும் துப்பாக்கி மகிழ்ச்சியை ஊருக்கு அறிவிக்கவும் வெடிக்கலாம் அல்லவா? பழக்கம் முன்பே இருக்க, அதற்கு விளக்கமாக ஒரு கதை பின்னாளில் பிறப்பதும் உலகெங்கும் காணப்படுவதே. எனினும், நாளை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் இம்மலையைப் பற்றித் தொடர் எடுக்க முன்வந்தால், எந்தக் கதையைத் தேர்ந்தெடுக்கும்? சகோதரர்கள் அமைதியாகப் பிரிந்து சென்ற கதையையா, துப்பாக்கிக் கதையையா? விடை நமக்குத் தெரியும்.

இம்மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் பட்டப்பெயர்கள் தாங்கிய மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அரசு அந்த ஜாகீர்களை ஏற்றுக்கொண்டது. ஒரு மலையும் மூன்று வீடுகளும் கிடைத்துவிட்டால் நாடக ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்! இல்லாத பகையையும் மூட்டிவிடலாம். ஆனால் வரி, நில உரிமை, உழைத்தவரின் நிலை ஆகியவை காட்சிக்கு உதவாதவை என்று ஒதுக்கப்பட்டுவிடும். மலைமக்களின் உண்மை வரலாறோ அவற்றில்தான் இருக்கிறது.

உடுக்கை ஒலியிலிருந்து திரைக்கு

வாய்மொழியாக வாழ்ந்த பகைக்கதை ஒன்று திரைக்கு வந்ததைக் கொங்கு நாட்டில் காண்கிறோம். பொன்னர், சங்கர் என்னும் சகோதரரின் ‘அண்ணன்மார் கதை’ அது. தந்தையை இழந்த சிறுவன் குன்னுடையாவைப் பங்காளிகளே வஞ்சித்து விரட்டுவதில் தொடங்கும் துன்பம், அவன் புதல்வர்களான பொன்னர், சங்கர் காலத்தில் வேட்டுவரோடு நிகழும் போராக வளர்ந்து, இருவரின் மரணத்தில் முடிகிறது. மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் இன்றும் மக்கள் அவர்களை வழிபடுகின்றனர். கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் 1965இல் இக்கதையை ஒரு பாடகரிடமிருந்து பல இரவுகள் கேட்டுப் பதிவு செய்தார். அதைப் பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1982இல் வெளிவந்தது. பின்னர் கலைஞர் மு. கருணாநிதி இதை நாவலாக்கினார். 2011இல் திரைப்படமும் வந்தது. பெக் அவர்களின் முயற்சியால் 26 பகுதிகள் கொண்ட உயிரூட்டுப் படத் தொடரும் உருவாயிற்று.

உடுக்கையடித்துப் பாடும் பாடகர் மாறினால் கதையும் சிறிது மாறும். கேட்போரும் அதை அறிவர். “எங்கள் ஊர்ப் பக்கம் வேறு மாதிரிப் பாடுவார்கள்” என்று சொல்ல அங்கே இடமுண்டு. திரைக்கு வந்துவிட்டால் அந்த இடம் இல்லாமற் போகிறது; ஒரே முகம், ஒரே உரையாடல், ஒரே முடிவு என்று கதை இறுகிவிடுகிறது. வேட்டுவர் பெயரைத் தாங்கிய சமூகம் இன்றும் கொங்கு மண்ணில் வாழ்கிறது. அக்குடும்பத்துப் பிள்ளையும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறது. தன் முன்னோர் வெறும் கொள்ளையராக மட்டுமே காட்டப்படும்போது அப்பிள்ளை என்ன எண்ணும்? அருகில் அமர்ந்து பார்க்கும் மற்றப் பிள்ளை அதைப்பற்றி என்ன எண்ணும்?

ஓர் ஆற்றின் இரு கரைகள்

அண்ணன்மார் கதை பழங்கதை. அதற்கு நீதிமன்றப் பதிவுகள் இல்லை. பதிவுகள் நிறைந்த ஒரு பகை திரைக்கு வரும்போதாவது உண்மை காக்கப்படுகிறதா என்று கேட்கலாம். அதற்கு அமெரிக்காவின் ஹேட்ஃபீல்டு, மெக்காய் குடும்பங்களின் வரலாறு விடை தருகிறது.

டக் என்னும் மலையாற்றின் ஒரு கரை மேற்கு வர்ஜீனியா, மறு கரை கென்டக்கி. முன்னதில் பெரும்பாலும் வில்லியம் ஆண்டர்சன் ஹேட்ஃபீல்டின் குடும்பத்தாரும், பின்னதில் ராண்டால்ஃப் மெக்காயின் குடும்பத்தாரும் வாழ்ந்தனர். 1865இல் உள்நாட்டுப் போரிலிருந்து திரும்பிய மெக்காய் குடும்பத்தான் ஒருவன் கொல்லப்பட்டான். 1878இல் ஒரு பன்றி யாருடையது என்று வழக்கு நடந்தது. 1882இல் தேர்தல் நாளன்று நடந்த சண்டையில் ஹேட்ஃபீல்டின் தம்பி படுகாயமுற்று இறந்தார். அதற்குப் பழியாக மூன்று மெக்காய் சகோதரர்கள் கட்டிவைத்துச் சுடப்பட்டனர். 1888 புத்தாண்டு நாளில் ராண்டால்ஃபின் வீடு கொளுத்தப்பட்டு, அவருடைய மகனும் மகளும் மாண்டனர். 1890இல் ஒருவன் தூக்கிலிடப்பட்டதோடு கொலைகள் ஓய்ந்தன.

2012இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி இதை மூன்று இரவுகளில் நாடகமாக ஒளிபரப்பியது. ஒவ்வோர் இரவும் சுமார் 1 கோடியே 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பார்த்தனர். படப்பிடிப்பு நடந்ததோ ருமேனியா நாட்டில். அது பெரிய குற்றமன்று. மலை எங்கும் மலைதான். கவனிக்க வேண்டியது வேறு. குடும்பத் தலைவர்கள் இருவரும் போரில் தோழர்களாயிருந்ததாகவும், ஒருவர் படையை விட்டு நீங்கியதால் மற்றவர் மனத்தில் வெறுப்பு மூண்டதாகவும் நாடகம் தொடங்குகிறது. அத்தகைய தோழமைக்கு உறுதியான சான்று இல்லை.

வரலாற்றாசிரியர் ஆல்டினா வாலர் நீதிமன்றப் பதிவுகளையும் நிலப் பத்திரங்களையும் ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நூல் வேறொன்றைக் காட்டுகிறது. ஆண்டர்சன் ஹேட்ஃபீல்டு மரம் வெட்டி விற்கும் தொழிலில் முன்னேறியவர். பெர்ரி கிளைன் என்பவரிடமிருந்து 5,000 ஏக்கர் காட்டு நிலம் வழக்கொன்றின் மூலம் அவர் கைக்கு வந்தது. அதே கிளைன் பின்னாளில் வழக்கறிஞராகி, ஐந்தாண்டுகளாக உறங்கிக் கிடந்த கொலை வழக்கை 1887இல் மீண்டும் எழுப்பினார். இருப்புப்பாதையும் நிலக்கரிச் சுரங்கமும் வந்து நிலத்தின் விலை உயரவிருந்த காலம் அது. நகரத்துச் செய்தித்தாள்களும் மலைவாழ் மக்களைக் காட்டுமிராண்டிகளாகச் சித்திரித்துப் பரபரப்பூட்டின. நாடகத்திலும் கிளைன் வருகிறார், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பார்ப்பவர் நெஞ்சில் தங்குவது துப்பாக்கியேயன்றிப் பத்திரம் அன்று.

மற்றொரு செய்தி இன்னும் அருமையானது. அந்தப் பன்றி வழக்கில் நடுவர் குழுவில் ஆறு ஹேட்ஃபீல்டுகளும் ஆறு மெக்காய்களும் அமர்ந்தனர். மெக்காய்களுள் ஒருவர் ஹேட்ஃபீல்டு பக்கமே நியாயம் என்று வாக்களித்தார். முக்கிய சாட்சியோ இரு வீட்டாருக்கும் உறவினர். ஆகவே ஆற்றின் ஒரு கரையார் எல்லாரும் ஒரே மனத்தினர், மறு கரையார் எல்லாரும் பகைவர் என்பது உண்மையன்று. இரு குடும்பங்களின் வழித்தோன்றல்களும் 2003 ஜூன் 14 அன்று கூடிச் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். கொலைகள் ஓய்ந்து நூறாண்டுகளுக்குப் பின்னும் அத்தகைய சடங்கு வேண்டியிருந்தது என்றால், கதையின் வலிமை எத்தகையது என்பதை உணரலாம்.

சட்டம் எதுவரை?

“இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?” என்று சிலர் கேட்கலாம். மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களின் வாழ்க்கையைத் தழுவியதாகப் பேசப்பட்ட ‘குயின்’ தொடர் 2019 டிசம்பரில் இணையத்தில் வெளியானது. நாயகியின் பெயர் சக்தி சேஷாத்ரி என்று மாற்றப்பட்டிருந்தது. அத்தொடரையும் ‘தலைவி’ திரைப்படத்தையும் எதிர்த்து, அவருடைய அண்ணன் மகள் தீபா சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2021 ஏப்ரலில் அவரது மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. ஒருவரின் அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவருடைய மரணத்தோடு முடிந்துவிடும். சொத்தைப்போல வாரிசுகளுக்கு அவை இறங்குவதில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

முன்னரே 1994இல், ராஜகோபால் என்பவருக்கும் தமிழ்நாடு அரசுக்கும் இடையிலான வழக்கில், நீதிமன்றப் பதிவுகள் உள்ளிட்ட பொது ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு எழுதப் பொதுவாகத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. கலைஞனின் உரிமைக்கு இத்தீர்ப்புகள் அரண். அது வேண்டியதே, இல்லையேல் செல்வாக்குள்ளவரின் குற்றம் எதையும் யாரும் எழுத முடியாது. ஆனால் ஆவணங்களின் கதவு இவ்வளவு அகலத் திறந்திருக்கும்போது, உள்ளே நுழைந்து பார்க்கும் பொறுப்பும் கலைஞனுக்கு உண்டன்றோ? தொடக்கத்தில் “உண்மைக் கதை” என்று அழைத்துவிட்டு, மூலையில் சிற்றெழுத்தில் “யாவும் கற்பனையே” என்று எழுதுவது இரு படகில் கால் வைப்பதாகும். இறந்தவர் வழக்குத் தொடர முடியாது என்பதற்காக அவர்மீது பொய்ச்சான்று சொல்லலாகுமா? பத்துக் கட்டளைகளை அறிந்த நமக்கு விடை தெரியாததன்று.

இல்லத்தில் கேட்க வேண்டியவை

நாடகத்திற்குக் கற்பனை இன்றியமையாதது. இருவர் தனியறையில் பேசிய பேச்சை யார் குறித்து வைத்தார்? பத்துப் பேரை ஒருவராக்குவதும், பத்தாண்டுகளை ஓர் இரவாக்குவதும் மன்னிக்கத் தக்கவையே. தலைப்பாகையின் நிறம் தவறானாலும் உலகம் கெட்டுவிடாது. ஆனால் பகையின் காரணத்தைப் பொய்யாக்குவது அவ்வாறன்று. நிலத்தாலும் பணத்தாலும் விளைந்த பகையை “அந்த வீட்டு இரத்தமே அப்படி” என்று காட்டினால், அந்த வீட்டில் இனிப் பிறக்கும் குழந்தையின்மீதும் பழி விழுகிறது.

ஆகவே இத்தகைய தொடர்களைப் பார்க்கையில் மூன்று வினாக்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்போம். பகை எதனால் தொடங்கியது என்று ஆவணம் சொல்கிறது? எதிர் வீட்டார் இதே கதையை எப்படிச் சொல்வர்? இடையே நின்று சமாதானம் செய்ய முயன்றவர், மனச்சாட்சிப்படி மறுபக்கம் சாட்சி சொன்னவர் எங்கே போனார்? மூன்றாம் வினாவைப் பெரும்பாலான நாடகங்கள் மறந்தே போகின்றன.

இவ்வினாக்கள் தொலைக்காட்சிக்கு மட்டும் உரியவையல்ல. வரப்புத் தகராறும், கிணற்றுப் பங்கும், பாகப்பிரிவினை மனத்தாங்கலும் இல்லாத கிராமம் நம் பகுதியில் ஏது? அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாமும் ஒருவகையில் நாடக ஆசிரியர்களே. “உன் பெரியப்பா வீட்டார் நம்மை ஏமாற்றினார்கள்” என்று சொல்லுமுன், பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படிப்போம். பெரியப்பா வீட்டில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்றும் கேட்டறிவோம். சில வேளைகளில் நாம் சொல்லி வந்தது சரியாகவே இருக்கலாம். அப்போதும், இரு பக்கமும் கேட்ட பின் சொல்லும் சொல்லில் கசப்புக் குறைந்திருக்கும். அடுத்த பொங்கலுக்குப் பிள்ளைகள் அந்த வீட்டு வாசலில் ஏற அதுவே வழியும் ஆகலாம்.