பாட்டி இல்லாத வீடு

“நரம்புக் கட்டிக்கு மாத்திரை வந்துவிட்டதாமே, இனி ஆபரேஷன் வேண்டாம்தானே?” என்று கேட்கிறார் ஒரு வாசகர். வந்தது உண்மை. அமெரிக்காவில் 2020இல் செலுமெட்டினிப்புக்கும், 2025இல் மிர்டாமெட்டினிப்புக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் அவை புற்றுநோயாகாத பின்னல் நரம்புக் கட்டிகளைச் சுருக்குபவை. அக்கட்டியிலிருந்து சிலருக்குக் கிளம்பும் நரம்புறைப் புற்றுநோய் வேறு சங்கதி. தலைப்புச் செய்திகளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கண்ணில் படுவதில்லை.

வரலாறு சுருக்கமாக: 1882இல் ஜெர்மனியின் ஃபான் ரெக்லிங்ஹவுசன் விவரித்த, இந்தக் கட்டிகளை உண்டாக்கும் நோய்தான் இன்றைய என்எஃப்1 (நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1). சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு வரும். அதற்குக் காரணமான, அதே பெயருள்ள மரபணு பிடிபட்டது 1990இல். இந்நோயாளிகளில் 100க்கு 8 முதல் 13 பேருக்கு வாழ்நாளில் அந்தப் புற்றுநோய் வரலாம்.

எப்படி வருகிறது? செல்லை வளரத் தூண்டும் ராஸ் புரதத்தை மொட்டைமாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் என்று வையுங்கள். அதை அணைக்க வீட்டில் இரண்டு பேர்: என்எஃப்1 மரபணுவின் இரு பிரதிகள். நோயோடு பிறந்தவருக்கு ஒருவர் ஆரம்பத்திலிருந்தே உதவமாட்டார். நரம்பைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல் ஒன்றில் மற்றவரும் தொலைந்தால் தொட்டி வழியும், சுவர் ஊறும், வீடு இடியாது. பின்னல் கட்டி அதுதான். அடுத்துப் போவது சிடிகேஎன்2ஏ மரபணு: வழிவதைப் பார்த்துக் கத்தி, மெயினையே இறக்கிவிடும் பாட்டி. (பாட்டி எங்கே போனார் என்று கேட்காதீர்கள்.)

மூன்றாவது இழப்புதான் எனக்குப் பிடித்தது. ஷ்வான் செல்லுக்கு வேண்டாத மரபணு அறைகளைப் பூட்டி வைப்பது பிஆர்சி2 என்ற புரதக் கூட்டம். அது சிதைந்தால் கருப்பருவத்தோடு மூடப்பட்ட அறைகள்கூடத் திறந்துகொள்ளும். செல் தான் யாரென்பதையே மறக்கும். இப்புற்றுநோயில் இந்தப் பூட்டு உடைகிறது என்பது 2014இல் தெரியவந்தது. பூட்டின் ஒரு பாகமான சஸ்12 மரபணு, 17ஆம் குரோமோசோமில் என்எஃப்1க்கு அண்டைவீடு! அந்தத் துண்டு மொத்தமாக அறுபட்டுப் பிறப்பவர்களுக்கு இப்புற்றுநோய் அபாயம் இன்னும் அதிகம். நோயியல் ஆய்வகத்திலும் பூட்டின் தடயத்துக்குத்தான் சாயமேற்றுகிறார்கள். நிறம் பிடிக்காவிட்டால் சந்தேகம் வலுக்கும்.

புற்றுநோயிடம் மாத்திரை ஏன் தோற்கிறது என்பதும் இங்கேதான் இருக்கிறது. மோட்டார் மிகையாக ஓடுவதைத் தடுக்க மருந்துண்டு. தொலைந்த பாட்டியைத் திரும்ப அழைத்துவர மருந்தில்லை. ஆகவே கத்திதான் முதல் சிகிச்சை: சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்துக் கட்டியை முழுதாக எடுப்பார்கள், பல நேரம் நரம்பையே பலிகொடுத்து. கதிர்வீச்சும் டாக்சோரூபிசின், ஐஃபோஸ்ஃபமைடு மருந்துகளும் துணைக்கு.

பழைய கட்டி திடீரென வளர்ந்தாலோ, வலி கூடினாலோ, கைகால் பலம் குறைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பெட் ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். பூட்டு உடையாமல், பாட்டி மட்டும் போயிருக்கும் கட்டத்தில் பிடிபட்டால், பெரும்பாலும் நரம்பைக் காப்பாற்றியே கட்டியை உரித்தெடுத்துவிடலாம்.