எண்ணப்பட்ட தலைகள்

மலைநாட்டுத் தோட்டங்களில் பொழுது புலரும் வேளையில் பெரட்டு நடைபெறும். தொழிலாளர் வரிசையாய் நிற்பர். தலைகளை எண்ணி அன்றைய வேலைக்கு ஆள் பிரிப்பர். எண்ணப்படுகிறவர் எங்கே போவது என்பதை எண்ணுகிறவரே தீர்மானிப்பார். இலங்கையின் பாராளுமன்ற வரலாற்றிலும் மலைநாட்டுத் தமிழருக்கு நேர்ந்தது ஏறக்குறைய இதுவே. இச்செய்தியை நம் மாணவர் அறியார். பெற்றோருள்ளும் அறிந்தோர் சிலரே.

1931ஆம் ஆண்டு டொனமூர் திட்டத்தின் வழியே சர்வஜன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தமிழருக்கு அது பல கட்டுப்பாடுகளுடனேயே கிடைத்தது. அவ்வாறிருந்தும் ஹட்டன் தொகுதியில் தெரிவான பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக விளங்கினார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவ்வெழுவருள் அடங்குவர். வேறு பல தொகுதிகளிலும் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குக் கைகொடுத்தன. ஆளுங்கட்சி இதனைக் கவனியாமல் இருக்குமா?

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் அதனைத் தொடர்ந்தன. பிரஜையல்லாதார் என்று கருதப்பட்டோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஒருவர்தானும் தெரிவாகவில்லை.

இதில் நம்மவர் பங்கையும் மறைத்தல் தகாது. முதற் சட்டத்தை எதிர்த்த ஜி. ஜி. பொன்னம்பலம், அரசாங்கத்தில் சேர்ந்த பின்னர் அடுத்த சட்டத்தை ஆதரித்தார். அதனை ஏற்காது பிரிந்த சா. ஜே. வே. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார்.

வாக்கிழந்த கதையைப் பலரும் கூறுவர். அதனினும் நுட்பமான அநீதி ஒன்று உண்டு. அதனையே நான் எடுத்துக்காட்ட விரும்புகிறேன். சோல்பரி அரசியல் திட்டத்தின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனம். அத்துடன் ஒவ்வோர் ஆயிரம் சதுர மைல் பரப்புக்கும் ஓர் ஆசனம். 75,000 ‘பேர்’ என்றால் வாக்காளர் அல்லர், குடிசனத் தொகை. 1959ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்திலும் வாக்கில்லாத் தோட்டத் தமிழரைச் சேர்த்தே கணக்கிட்டனர். ஒரு தொகுதியில் பாதிப்பேர் வாக்கற்றவர் என்று வைத்துக்கொள்வோம். மற்றப் பாதிப்பேரே ஓர் அங்கத்தவரைத் தெரிவு செய்வர். அங்கே ஒருவருடைய வாக்கு வேறிடத்து இருவருடைய வாக்குக்குச் சமம். இவ்வாறு, தொழிலாளியின் தலை ஆசனத்தை உண்டாக்கிற்று. அதில் எவர் அமர்வது என்று கூறும் வாய் அவனுக்கில்லை. வாக்கைப் பறித்தவர்கள் தலைக்கணக்கையும் விட்டொழித்திருந்தால் ஒருவகை நேர்மையாவது இருந்திருக்கும்.

ஆறு நியமன ஆசனங்கள் இருந்தனவே எனலாம். 1960இல் தொண்டமான் அவ்வாறுதான் சபைக்குச் சென்றார். நியமனம் பெற்றவர் எத்துணைத் திறமையுடையவராயினும், அவ்வாசனம் பிரதமரின் கையிலிருந்து வந்ததேயன்றி மக்களிடமிருந்து வந்ததன்று. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாய்ப் பிரித்துக்கொண்டன. அங்கும் தலைக்கணக்கே, எங்கே வாழ விரும்புகிறீர் என்று அம்மக்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தமன்று அது.

முப்பது ஆண்டுகளின் பின், 1977இல், நுவரெலியா – மஸ்கெலியா மும்மை அங்கத்தவர் தொகுதியில் மூவருள் ஒருவராகத் தொண்டமான் மக்கள் வாக்கினால் தெரிவானார். 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் என்ற நிலையை நீக்கின. விகிதாசார முறையில் நுவரெலியா மாவட்டத்தில் இன்று இவர்களுக்குப் பலம் உண்டு. இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளில் சிதறி வாழ்வோருக்கோ ஓர் ஆசனமும் எளிதன்று.

வாக்குக் கிடைத்த பின்னரும் ஒரு தடை நெடுங்காலம் நின்றது. தம் வாக்கினால் தெரிவாகும் பிரதேச சபை, தோட்டத்து எல்லைக்குள் ஒரு பாதையைத் திருத்துவதற்கும் சட்டம் இடந்தரவில்லை. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018இலேயே. அவ்வாண்டுத் தேர்தலிலேதான் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பெரும் பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்து, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா மக்கள் தத்தம் சபைகளுக்கு முதன்முறை வாக்களித்தனர்.