நடந்தும் குறையாத எடை

உணவு உடலுக்குள் ஆற்றலாக மாறும் விதத்தைச் சென்ற வாரப் பகுதி விளக்கியது. அந்த ஆற்றலை உடல் எவ்வாறு செலவிடுகிறது என்பதும், உடற்பயிற்சியால் மட்டுமே எடையைக் குறைத்துவிடலாம் என்ற பரவலான நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை என்பதும் இந்த வாரம் ஆராயப்படுகின்றன.

ஒருவர் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலை அறிவியலாளர் மூன்று பிரிவுகளாகப் பகுக்கின்றனர். அசையாமல் படுத்திருக்கும்போதும் இதயம் துடிக்கவும், மூச்சு இயங்கவும், மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் தத்தம் வேலையைச் செய்யவும், உடல் வெப்பம் நிலைபெறவும் தேவைப்படும் ஆற்றல் முதற்பிரிவு. அடிப்படை வளர்சிதை மாற்றம் எனப்படும் இதுவே, உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களிடம் மொத்தச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு வரை எடுத்துக்கொள்கிறது. உண்டதைச் செரிக்கவும் சேமிக்கவும் ஆகும் செலவு ஏறத்தாழ 10 விழுக்காடு. எஞ்சியதே உடல் அசைவுக்கு உரியது. அதிலும் வீட்டு வேலை, படி ஏறுதல், கடைக்குச் சென்று வருதல் போன்ற அன்றாட அசைவுகள் போக, திட்டமிட்டுச் செய்யும் உடற்பயிற்சியின் பங்கு பெரும்பாலோரிடம் மிகச் சிறியது.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் ஓரளவு விரைவாக நடந்தால், பேச்சுவழக்கில் கலோரி எனப்படும் கிலோகலோரி அளவில் ஏறத்தாழ 250 செலவாகும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் 80 கலோரி அளவுக்குச் செலவாகியிருக்கும் என்பதால், நடையால் கூடுதலாகச் செலவானது 170 கலோரி மட்டுமே. கொழுப்பின் ஒரு கிராம் 9 கலோரி தரும் என்ற கணக்குப்படி, இந்த 170 கலோரியை ஈடுகட்ட ஏறத்தாழ 20 கிராம் சமையல் எண்ணெய் போதும். அதாவது, தாளிப்பிலும் வறுவலிலும் கண்ணுக்குத் தெரியாமல் சேரும் அளவு. உடலில் சேர்ந்துள்ள ஒரு கிலோ கொழுப்புத் திசு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம் என்பதால், உணவு சற்றும் கூடாமல் நாள் தவறாது நடந்தாலும், ஒரு கிலோ கரைய ஒன்றரை மாதம் ஆகும்.

ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்ற புகழ்பெற்ற சூத்திரத்தை 1958-இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தார். இச்சூத்திரம் பரவியதன் விளைவாக, உடலை ஒரு வங்கிக் கணக்கைப் போலவும், செலவைக் கூட்டினால் இருப்பு அதே அளவுக்குக் குறையும் என்றும் கருதும் பழக்கம் வேரூன்றியது. உடலோ உயிருள்ள அமைப்பு. ஒரு பக்கம் செலவு கூடும்போது, பசியைத் தூண்டியோ, வேறு செலவுகளைச் சுருக்கியோ அந்த இழப்பை ஓரளவு நிரப்பிக்கொள்கிறது. இதற்கு ஈடுசெய்தல் என்று பெயர்.

ஈடுசெய்தல் நடைபெறுவதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளுள் ஒன்றைத் திமதி சர்ச் தலைமையிலான குழு 2009-இல் வெளியிட்டது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத, மாதவிடாய் நின்ற, எடை மிகுந்த 464 பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பயிற்சி ஏதும் தராமலும், மற்ற மூன்று குழுக்களுக்கு வாரத்துக்குச் சராசரியாக 72, 136, 194 நிமிடங்கள் மேற்பார்வையுடன் பயிற்சி அளித்தும் ஆறு மாதங்கள் கவனித்தனர். பயிற்சியே செய்யாத குழு 0.9 கிலோ குறைந்தது. பயிற்சிக் குழுக்கள் முறையே 1.4, 2.1, 1.5 கிலோ குறைந்தன. மூன்று மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்தவர்கள், அதைவிடக் குறைவாகச் செய்தவர்களைவிட அதிகம் இளைக்கவில்லை என்பதோடு, கணக்கின்படி எதிர்பார்த்த அளவில் ஏறத்தாழப் பாதியையே எட்டினர். அவர்களது உடல், செலவானதில் ஏறத்தாழப் பாதியை ஏதோ ஒரு வழியில் மீட்டுக்கொண்டிருந்தது.

செலவின் பக்கத்திலும் உடல் ஒரு வரம்பை வைத்திருக்கக்கூடும் என்ற கருத்து, தான்சானியாவின் வடபகுதியில் ஏயாசி ஏரியைச் சுற்றி வாழும் ஹட்சா மக்களிடம் நடந்த ஆய்வால் வலுப்பெற்றது. வேட்டையாடியும், கிழங்கும் தேனும் பழங்களும் திரட்டியும் வாழும் இம்மக்களிடையே ஆண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 11 கிலோமீட்டரும் பெண்கள் 6 கிலோமீட்டரும் நடக்கின்றனர். ஹெர்மன் பான்ட்ஸரும் உடன் ஆய்வாளர்களும் இவர்களது அன்றாட ஆற்றல் செலவை இரட்டைக் குறியிட்ட நீர் என்னும் முறையால் அளந்தனர். இம்முறையில், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் கனமான வகை அணுக்கள் கலந்த நீரைக் குடிக்கத் தருகின்றனர். கன ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலைவிட்டு வெளியேற, கன ஆக்சிஜன் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறுவதால், சிறுநீரில் இவ்விரண்டும் குறையும் வேகத்துக்கு இடையிலான வேறுபாடு, உடல் வெளியிட்ட கரியமில வாயுவின் அளவையும், அதன் வழியே எரித்த ஆற்றலின் அளவையும் காட்டிவிடுகிறது. 2012-இல் வெளியான முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது: உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது, நாளெல்லாம் நடக்கும் ஹட்சா மக்களும், உட்கார்ந்து வாழும் அமெரிக்க, ஐரோப்பிய மக்களும் ஏறத்தாழ ஒரே அளவு ஆற்றலையே செலவிட்டனர்.

தொடர்ந்து, ஐந்து நாட்டு மக்களிடம் நடத்திய ஆய்வை 2016-இல் வெளியிட்ட பான்ட்ஸர் குழு, அசைவு குறைந்த நிலையில் உழைப்புக் கூடக் கூட ஆற்றல் செலவும் கூடுகிறது என்றும், ஒரு கட்டத்துக்கு மேல் உழைப்புக் கூடினாலும் செலவு அதே விகிதத்தில் ஏறுவதில்லை என்றும் கூறியது. கட்டுக்குட்பட்ட ஆற்றல் செலவு என்னும் இக்கருத்தை எல்லா ஆய்வாளரும் ஏற்றுக்கொள்ளவில்லை. உடல் எந்தச் செலவைச் சுருக்குகிறது என்பதும் முழுமையாக விளங்கவில்லை. எனினும், பயிற்சியில் எரிக்கப்படும் கலோரி முழுவதும் எடையில் கழிவதில்லை என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அப்படியானால் உழைப்பும் அசைவும் எடைக்குத் தொடர்பே இல்லாதவையா என்ற கேள்வி எழும். இதற்கு விடை தரும் ஆய்வு இந்தியாவிலேயே நடந்தது. கல்கத்தாவுக்கு அருகில் இருந்த ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 பேரின் உணவையும் எடையையும் உழைப்பையும் ஜான் மேயரும் உடன் ஆய்வாளர்களும் ஒப்பிட்டு, 1956-இல் வெளியிட்டனர். ஓரளவு உழைப்பவர்கள் முதல் கடும் உழைப்பாளிகள் வரை, உழைப்புக்கு ஏற்ப உணவும் கூடியதால் எடை ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றது. ஆனால் உடல் அசைவு மிகக் குறைந்தவர்களிடம், உழைப்புக் குறைந்ததற்கு ஏற்ப உணவு குறையாமல் மாறாகக் கூடியிருந்தது, எடையும் மிகுந்திருந்தது. அசைவு ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டால், பசியைத் தேவைக்கேற்ப நெறிப்படுத்தும் திறனும் தளர்கிறது என்று இதிலிருந்து கருத இடமுண்டு.

உடற்பயிற்சியின் பயனை எடைக் கருவியில் மட்டும் தேடக்கூடாது என்பதற்கு மேற்கூறிய 464 பெண்களின் ஆய்வே சான்று. எடை எவ்வளவு குறைந்தது என்பதைச் சாராமல், பயிற்சி செய்த மூன்று குழுக்களிலும் இடுப்புச் சுற்றளவு குறைந்தது. பயிற்சியின் அளவு கூடக் கூட இதயமும் நுரையீரலும் உழைப்பைத் தாங்கும் திறனும் கூடியது. குடல், கல்லீரல் ஆகியவற்றைச் சுற்றிப் படிந்து நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவகுக்கும் உள்ளுறுப்புக் கொழுப்பு, எடை பெரிதாக மாறாதபோதும் பயிற்சியால் குறைகிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் திசுக்களுக்குள் செலுத்தும் இன்சுலினுக்குத் தசைகள் இணங்கும் தன்மையும் மேம்படுகிறது. உணவைக் குறைத்து இளைப்பவர்கள் கொழுப்போடு தசையையும் இழப்பதால், எடை தூக்குதல் போன்ற தசைப் பயிற்சிகள் அந்த இழப்பைத் தடுக்க உதவுகின்றன. குறைத்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதிலும் பயிற்சிக்குப் பெரும் பங்குண்டு: குறைந்தது 13.6 கிலோ எடையை இழந்து ஓராண்டுக்கு மேல் அந்நிலையில் நிற்பவர்களை அமெரிக்காவில் 1994 முதல் பதிவுசெய்துவரும் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் உள்ளோரில் பெரும்பாலோர், நாள்தோறும் ஒரு மணி நேர அளவுக்கு உடற்பயிற்சி செய்பவர்கள்.

ஆகவே, எடையைக் குறைப்பதில் முதன்மைப் பங்கு உணவுக்கும், நலத்தைக் காப்பதிலும் குறைந்த எடையை நிலைநிறுத்துவதிலும் முதன்மைப் பங்கு பயிற்சிக்கும் உரியது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்ததும் எடைக் குறைப்பை மட்டும் கருதியன்று. சில மாதங்கள் நடந்தும் எடை இறங்கவில்லை என்று சோர்ந்து நடையைக் கைவிடுபவர்கள், அது தந்துகொண்டிருக்கும் மற்ற நன்மைகளையும் சேர்த்தே இழக்கின்றனர். அவர்கள் மாற்ற வேண்டியது தட்டில் உள்ள உணவின் அளவையே தவிர, நடக்கும் வழக்கத்தை அன்று.

(தொடரும்)