கடலில் நீந்திய யானை! கம்ப்யூட்டர் தந்திரம் இல்லாமல் கனவைப் படமாக்கிய இந்தியர்

விழுப்புரத்தில் இருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பாறையைக் குடைந்து கோவில் அமைத்தான், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். அது நடந்து சுமார் 1,400 ஆண்டுகள் ஆகின்றன.

செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோவில் அமைத்ததாக மன்னன் அங்கே கல்வெட்டுப் பொறித்து வைத்திருக்கிறான். அதில் தன்னை "விசித்திரசித்தன்" என்று கூறிக்கொள்கிறான். புதுமையான எண்ணம் உடையவன் என்பது இதன் பொருள்.

இப்படி "இது இல்லாமலே செய்து காட்டுகிறேன்" என்று கிளம்பிய விசித்திரசித்தர் ஒருவர் நம் காலத்திலும் உண்டு. அவர் கோவில் கட்டவில்லை. சினிமாப் படம் எடுத்தார். அவர் பெயர் தர்செம் சிங்.

பாட்டுக்கு ஒரு படம்

தர்செம் சிங் 1961-ம் ஆண்டு பஞ்சாபில் உள்ள ஜலந்தரில் பிறந்தார். தந்தை விமான என்ஜினீயர். மகன் வணிகம் படிக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. மகனுக்கோ சினிமா ஆசை! அமெரிக்காவுக்குப் போய்ப் படம் எடுக்கும் கலையைப் படித்தார்.

வெளிநாடுகளில் ஒரே ஒரு பாட்டுக்காகச் சிறு படம் எடுத்து டெலிவிஷனில் காட்டுவது வழக்கம். "ஆர்.இ.எம்." என்ற அமெரிக்கப் பாடகர் குழுவின் "லூசிங் மை ரிலிஜன்" பாட்டுக்கு, 1991-ல் தர்செம் அப்படி ஒரு படம் எடுத்தார்.

ஓர் அறை. ஜன்னலுக்கு வெளியே மழை. ஜாடி விழுந்து பால் சிதறுகிறது. இறக்கை முளைத்த கிழவர் ஒருவர் வானத்தில் இருந்து விழுகிறார். எல்லாம் கனவில் வருவது போல இருக்கும். நம் நாட்டுப் படங்களில் வரும் கனவுக் காட்சிகளின் சாயலைத்தான் அவர் அதில் கொண்டு வந்தார். அந்தப் படத்துக்குக் கிராமி பரிசு கிடைத்தது.

சொந்தப் பணம்

அதன் பிறகு விளம்பரப் படங்கள் எடுத்து நிறையச் சம்பாதித்தார். அந்தப் பணத்தைப் போட்டு "தி ஃபால்" என்ற படத்தை எடுத்தார். 4 ஆண்டுகள், 20-க்கும் மேற்பட்ட நாடுகள்! கம்ப்யூட்டரில் ஊரை வரைந்து காட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. விசித்திரமான இடங்களை உலகமெங்கும் தேடிப் போனார்.

ஜோத்பூரில் வீடுகள் நீலமாக இருக்கும். அந்த நீலம் பளிச்சென்று தெரியவேண்டும் என்று, ஊராருக்குப் பெயிண்ட் வாங்கிக் கொடுத்தார். ராஜஸ்தானில் ஆபானேரி என்ற ஊரில் சுமார் 3,500 படிகள் கொண்ட பழைய கிணறு இருக்கிறது. அதுவும் படத்தில் வருகிறது.

நடுக்கடலில் சிக்கிய வீரர்களைக் காப்பாற்ற ஒரு யானை நீந்தி வருமே, அது தந்திரக் காட்சி அல்ல. அந்தமானில் மரம் இழுத்த ராஜன் என்ற யானை அது. உண்மையாகவே கடலில் நீந்தியது! 2016-ல் ராஜன் இறந்தது.

நம்பிய சிறுமி

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒருவன், கை ஒடிந்த சிறுமிக்குக் கதை சொல்கிறான். அதுதான் படம். அவன் "இந்தியன்" என்று அமெரிக்கப் பழங்குடி வீரனைச் சொல்கிறான். சிறுமியோ, தனக்குத் தெரிந்த நம் நாட்டுக்காரர் ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்கிறாள்! திரையில் தலைப்பாகையோடு ஓர் இந்தியர் வந்து நிற்கிறார்.

சிறுமியாக நடித்தவள், ருமேனியாவைச் சேர்ந்த கதின்கா உன்டாரு. கதை சொல்பவராக நடித்த லீ பேஸ் உண்மையிலேயே நடக்க முடியாதவர் என்று அவள் நம்பினாள். படப்பிடிப்புக் குழுவினர் பலரும் நம்பினார்கள். டைரக்டர் அந்த ரகசியத்தை வெளியே விடவில்லை. அதனால் சிறுமியின் பரிவு நடிப்பாகத் தெரியவில்லை, உண்மையாக இருந்தது.

காலம் சொன்ன தீர்ப்பு

2006-ல் கனடாவில் டொரோண்டோ படவிழாவில் படத்தைத் திரையிட்டார்கள். 2008-ல்தான் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. வசூல் இல்லை. போட்ட பணமும் உழைப்பும் வீண் என்றே தோன்றியது.

ஆனால் பார்த்தவர்கள் மறக்கவில்லை. 2024-ல் படம் புதுப்பொலிவுடன் மீண்டும் வெளிவந்தது. இளைஞர்கள் விரும்பிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் தந்திரங்கள் சில ஆண்டுகளில் பழசாகிவிடுகின்றன. நீந்துகிற யானை பழசாவது இல்லை!

மண்டகப்பட்டிலும் அப்படித்தான். செங்கல்லும் மரமும் இல்லாத அந்தக் கோவிலின் வாசலில், துவாரபாலகர்கள் இன்றும் காவல் நிற்கிறார்கள். அந்த வழியாகப் போனால், குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.